நூலைத் தாண்டியவள்

அவள் நூலைத் தாண்டியது வைகாசியில்தான். எங்கள் ஆபீஸில் சிலர் இன்னும் ஐப்பசி என்று சொல்கிறார்கள். ஐப்பசியில் ஏனாத்தூர் மண் களியாகிவிடும், சுண்ணாம்புக் கோடு நிற்காது. அன்று கோடு வெள்ளை வெளேரென்று நின்றது. அதோடு, கருட சேவைக் கூட்டம் கலைந்து, நீர்மோர் ஊற்றிக் கொடுத்த காகித டம்ளர்கள் ரோட்டோரத்தில் பறந்துகொண்டிருந்த வாரம் அது. அத்தி வரதர் குளத்திலிருந்து எழுந்தருளிய கோடைக்கு இரண்டு வருஷம் முன்பு. இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், இதில் நான் தவறு செய்தால் அவள் என்னை மன்னிக்கமாட்டாள். அவள் யாரையும் மன்னித்ததாக எனக்கு நினைவில்லை.

நான் அந்தச் சின்ன கட்டுமானக் கம்பெனியில் பில் எழுதினேன். முதலாளி பக்கத்துக் கிராமத்து ஜைனர். நிலத்தில் பாதியை விற்று வீடு கட்டிக் கொடுக்கும் தொழிலுக்கு வந்தவர். நாங்கள் நயினார் என்றே அழைப்போம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் சைட்டை வெளிச்சத்திலேயே மூடிவிடுவார். சண்டைக்குப் பயந்தவர். அவரிடம் அவள் சிவில் டிப்ளமா முடித்த கையோடு வந்து சேர்ந்தாள். ஒல்லி, நீண்ட கழுத்து. செருப்பு மட்டும் ஆண்கள் அணிவது போலத் தடித்தது.

வீடு கட்டும் இடத்தில் எங்கள் பெரிய மேஸ்திரி முதல் நாள் கோடு போடுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். நாலு மூலையிலும் முளை அடிப்பார். நூலை இழுத்துக் கட்டுவார். மூலைமட்டத்தை வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பிறகு நூல் மேல் சுண்ணாம்பைத் தூவுவார். அதுவரை நூலுக்குள் யாரும் வரக்கூடாது. இந்த விதி அவளுக்குத் தெரியாது. கையில் டேப்போடு, அளவைச் சரிபார்க்கலாம் என்று நூலைத் தாண்டி உள்ளே போனாள்.

"இன்னாம்மா நீ!" என்று மேஸ்திரி கத்தியதில், பூமி பூஜைக்கு வந்திருந்த பூசாரியே மணியை நிறுத்திவிட்டார். "பொம்பள தாண்டின நூல்ல வீடு நிக்குமா?"

"நிக்குதான்னு பாக்கலாமே மேஸ்திரி" என்றாள் அவள். அது திமிரில்லை. அப்போது அவளுக்குச் சிரித்துப் பேசும் பழக்கம் இருந்தது.

மேஸ்திரி நூலை அறுத்தார். சுருட்டிப் பக்கத்து முட்புதரில் எறிந்தார். கடைக்கு ஆளனுப்பிப் புது நூல் வாங்கிவரச் செய்து, அவள் கால் பட்ட இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். வீட்டுக்காரரின் சொந்தபந்தமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. புது நூல் வந்ததும் அவளைப் பார்த்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "ஓரமா நில்லும்மா. அளவு வேணும்னா அங்கருந்தே படி."

அன்றிலிருந்து அவள் ஓரமாகத்தான் நின்றாள். ஒவ்வொரு சைட்டிலும் நூலுக்கு வெளியே நின்று வரைபடத்தைப் பார்த்து அளவை உரக்கப் படிப்பாள். மேஸ்திரி உள்ளே குனிந்து நிமிர்ந்துகொண்டிருப்பார். கலவை போடும் பெண்கள்கூட அவளுக்கு 'ஓரமா மேடம்' என்று பெயர் வைத்தார்கள். அவள் பதில் பேசவில்லை. நயினார் அதைப் பொறுமை என்று நினைத்தார். எனக்கு அவளோடு ஒரு மழைக்காலம் பழகிய பிறகுதான் அது என்னவென்று புரிந்தது.

ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். ஒருநாள் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் ஒன்றாகக் கை காட்ட, டிரைவர் இவளைப் பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறான். "பின்னாடி வர வண்டில வாம்மா." தூறல் வேறு. நனைந்துகொண்டு ஆபீஸுக்கு வந்தாள், தலையைத் துவட்டினாள், வேலையைப் பார்த்தாள். மறுநாள் காலை அதே ஆட்டோவுக்குக் கை காட்டினாள். அவன் நிறுத்தினான். இவள் குனிந்து உள்ளே பார்த்து, "பின்னாடி வர வண்டில வரேன்பா" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்துகொண்டாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. கார்த்திகையில் ஆரம்பித்தது, பங்குனி வரை நடந்தது. கடைசியில் அவன் ஆபீஸுக்கே வந்துவிட்டான்.

"நயினார், உங்க மேடம் என்னை சாவடிக்கிறாங்க. தெனமும் கை காட்டுறாங்க, ஏற மாட்றாங்க."

"கை காட்டினா நிக்கணும்னு சட்டமா?" என்றாள் அவள், கம்ப்யூட்டரிலிருந்து திரும்பாமல். "நீ போவ வேண்டியதுதானேப்பா."

"இன்னிக்காவது ஏறுவீங்களோன்னு மனசு கேக்க மாட்டேங்குதும்மா!"

அவன் போன பிறகு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நான் மறந்தா அவனுக்கு லாபம். அவனுக்கு ஏன் நான் லாபம் குடுக்கணும்?" என்றாள். இதை அவள் வாயால் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அவள் சித்தி ஒருமுறை கல்யாண மண்டபத்தில் இவள் அம்மாவின் புடவைத் தலைப்பை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "பட்டு மாரி தெரியலையேக்கா, கலப்படமா?" என்று கேட்டாளாம். தெருவுக்குத் தெரு தறி ஓடும் ஊரில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அதற்குப் பிறகு சித்தி வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் இவள் நூல்புடவைதான் கட்டினாள். முன்வரிசையில் உட்காருவாள். யாராவது கேட்டால், "பட்டுன்னா சித்திக்கு சந்தேகம் வந்துடுங்க" என்பாள், சித்தி காதில் விழும்படி. சித்தி மகள் கல்யாண போட்டோவில் ஜரிகைக்கு நடுவே இவளுடைய சாம்பல் நிறப் புடவை ஓட்டை மாதிரி தெரிகிறது. ஆல்பத்தை எனக்கு அவளே காட்டினாள்.

எனக்காகவும் ஒருமுறை பழி வாங்கியிருக்கிறாள். சிமெண்ட் ஏஜென்சிக்காரன் என்னை "ஏய் பில்லு" என்று கூப்பிடுவான். அவன் முதலாளி எங்கள் ஆபீஸுக்கு வந்த நாளில், அவர் காபியை வாய்க்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்து, இவள் வாசலில் நின்றவனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஏய் மூட்டை, உள்ள வா!" அதன் பிறகு நான் அவனுக்கு அக்கா ஆனேன். அவளை எனக்கு ஏன் பிடித்தது என்று யோசித்தால் இந்தச் சம்பவம்தான் முதலில் வருகிறது. அவளிடம் எனக்கு ஏன் கொஞ்சம் பயம் என்று யோசித்தாலும் இதுதான்.

முதல் ஊரடங்கு முடிந்து அடுத்த தை மாதம், நயினாரைச் சம்மதிக்க வைத்து டோட்டல் ஸ்டேஷன் என்ற கருவியைச் சென்னையிலிருந்து வாங்க வைத்தாள். ஏற்கெனவே யாரோ பயன்படுத்தியது. மஞ்சள் நிறம், முக்காலி மேல் நிற்கும். எதிரே ஒருவர் கண்ணாடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால், எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று திரையில் எழுதிக் காட்டிவிடும். வரைபடத்தை அதற்குள் ஏற்றிவிட்டால் எந்த மூலை எங்கே வரவேண்டும் என்று அதுவே சொல்லும். அங்கே ஆணி அடித்தால் போதும். நூல் தேவையில்லை. சைட்டில் எல்லோரும் அதைக் கேமரா என்றார்கள்.

கம்பம் பிடிக்க யாரை வைக்கலாம் என்று நயினார் கேட்டார்.

"பெரிய மேஸ்திரி."

"அவரா? வேற ஆளு இல்லியாம்மா?"

"ஆடாம அசையாம நிக்கணும் நயினார். அனுபவம் வேணும்."

நான் பில் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

மாசி வெயிலில் அந்தக் கூத்து ஆரம்பித்தது. மேஸ்திரி தலையில் துண்டோடு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இவள் முக்காலிக்குப் பின்னால், குடை நிழலில். "இடது பக்கம் மேஸ்திரி. இன்னும். கொஞ்சம் வலது பக்கம். கம்பம் சாயுது பாருங்க, மட்டத்துக் குமிழி நடுவுல நிக்கட்டும். ம்... மறுபடி இடது."

மேஸ்திரியும் சும்மா இல்லை. "ரேஷன் கார்டுக்கு போட்டோ புடிக்கிறியாம்மா? நான் நல்லா தெரியறனா?" என்று கேட்டுக் கூலியாட்களைச் சிரிக்க வைத்தார்.

"தெரியறீங்க மேஸ்திரி. தேவைக்கு மேலயே தெரியறீங்க. லைனை மறைக்குது, கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கலவை போடும் பெண்களில் ஒருத்தி மட்டும் பாண்டுச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி ஓரமாக நின்றார். அதற்குப் பிறகு சித்திரை, வைகாசி என்று எங்கள் கம்பெனியில் போட்ட எல்லாக் கோட்டுக்கும் அவர்தான் கம்பம் பிடித்தார். சில மூலைகளில் அவள் திரையைப் பார்த்தபடி வெறுமனே காக்க வைப்பாள். எனக்குத் தெரியும், கருவி அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாது.

ஆனியில்தான் சறுக்கியது. பெரிய காஞ்சிபுரத்தில் கடை வைத்திருந்த பட்டுக்கடைக்காரர் ஒருவர் ஏனாத்தூர் ரோட்டில் வீடு கட்டினார். அடிமானம் முடிந்து, அதன் மேல் சுவருக்கு அவள் கருவி வைத்துக் குறித்துக் கொடுத்து, முதல் வரிசைச் செங்கலும் வைத்தாகிவிட்டது. அன்று அவர் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டி வந்தார். வந்தவர் டேப்பைக் குறுக்காகப் பிடித்து, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்தார். பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கு நடுவேயும் அப்படியே அளந்தார். இரண்டும் ஒரே அளவாக வந்தன. ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை.

அவள் முகத்தில் பெருமை தெரிந்தது. வாஸ்துக்காரர் டேப்பைச் சுருட்டினார்.

"சமமா இருக்குதே" என்றார், யாருக்கோ வியாதி என்று சொல்வது போல. "ஈசானியம் வளரலையேப்பா."

வடகிழக்கு மூலை, மற்ற மூலைகளைவிடத் துளி வெளியே நீண்டிருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மனையை அப்படிப் பார்த்து வாங்குவார்கள் என்பது அவளுக்கும் எனக்கும் தெரியும். சுவரிலேயே அதை இழுத்துவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் மேஸ்திரி அதைச் செய்துகொண்டிருந்தார், நூலுக்குள்ளே, முதுகைக் காட்டிக் குனிந்தபடி. ஓரமாக நின்றவளுக்கு அது எப்படித் தெரியும்?

"மேஸ்திரி, நீ கூடவே இருந்தியே, சொல்லலியா?" என்று பட்டுக்கடைக்காரர் கேட்டார்.

மேஸ்திரி கம்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். "நான் இன்னா சார் சொல்றது? நான் கம்பம் புடிக்கிறவன். மிஷின் சொன்னா கரெக்டா இருக்கும்னு நெனச்சுக்கினேன்."

அவர் நாலு மாதமாக இந்த நிமிஷத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட, தனக்குச் சமமான ஒருவரைக் கண்டுபிடித்த ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

மறுநாள் காலை ஆபீஸில் பஞ்சாயத்து. பட்டுக்கடைக்காரர் பிடிவாதமாகச் சொன்னார்: "என் அப்பா வீட்டுக்கு மேஸ்திரிதான் கோடு போட்டாரு. அவரு கைராசிலதான் ரெண்டு கடை ஆச்சு. எனக்கு அவரு கைதான் வேணும். கேமராவ மூட்டை கட்டுங்க." ஆடி பிறந்தால் வாசக்கால் வைக்க முடியாது, அதற்குள் முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். நயினார் அவளைப் பார்க்காமல், "அந்த மிஷினை வந்த வெலைக்கு தள்ளிடலாம்மா. நீ பழைய மாரி வரைபடம் படி" என்றார்.

பழைய மாதிரி என்றால் நூலுக்கு வெளியே. அவள் கைகள் மேசை மேல் அப்படியே இருந்தன. மேஸ்திரி நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஆபீஸில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எப்டி மேஸ்திரி இழுப்பீங்க?" என்று அவள் கேட்டாள். குரலில் பணிவு இருந்தது. எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

மேஸ்திரி உருகிப் போனார். "அது வித்தைம்மா. எல்லா மூலையிலும் நூலு முளைய ஒட்டி நிக்கும். ஈசானியத்துல மட்டும் முளைக்கும் நூலுக்கும் நடுவுல என் கட்டவெரல உடுவேன். வெரலு எவ்ளோ தள்ளுதோ அவ்ளோ வளரும். அந்த வெரலு உன் மிஷினுக்கு இருக்குதா?"

"இல்ல மேஸ்திரி. காட்டுங்களேன்."

அவர் பட்டுக்கடைக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வலது கட்டைவிரலை மேசை மேல் வைத்தார். சுண்ணாம்பு தின்ற நகம், ஓரங்களில் பிளந்த தோல். அவள் டிராயரைத் திறந்து, கம்பியின் தடிமனை அளக்க வைத்திருந்த இடுக்கியை எடுத்தாள். விரலின் இரண்டு பக்கமும் அது மென்மையாகப் பொருந்தியது. அதில் தெரிந்த அளவைப் படித்தாள். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி வரைபடத்தில் வடகிழக்கு மூலையைத் தொட்டு, அளவைத் தட்டினாள். மூலை நகர்ந்தது. திரையை அப்படியே பட்டுக்கடைக்காரர் பக்கம் திருப்பினாள்.

"உங்க அப்பா வீட்டுக்கு உட்ட அதே வெரல் சார். ஒரு நூல் கூட கொறையல. அடிமானம் அகலமா இருக்குது, மேல சுவர இந்த அளவு தள்ளிக்கலாம். செங்கல் ஒரு வரிசைதான், நாளைக்கே மாத்திடலாம்."

பட்டுக்கடைக்காரர் திரையைப் பார்த்தார், மேஸ்திரி விரலைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "அப்போ கைராசி உள்ள வந்துடுச்சு" என்றார் திருப்தியாக.

மேஸ்திரியின் விரல் இன்னும் மேசை மேல்தான் இருந்தது. அவருக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் விரலை எடுத்து மற்ற கையால் பொத்திக்கொண்டார். "அது எப்டி... நான் இல்லாம வெரலு மட்டும்..." என்று ஆரம்பித்து நயினாரைப் பார்த்தார். நயினார் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆனி முடிவதற்குள் வாசக்கால் வைத்துவிட்டார்கள். வாஸ்துக்காரர் மறுபடி குறுக்கே அளந்து, "பேஷ்" என்றார். வழக்கம் போல பட்டுக்கடைக்காரரின் மனைவி ஒரு தட்டைக் கொண்டுவந்தார். வெற்றிலை, பாக்கு, பழம், எட்டு முழ வேட்டி, துண்டு. எல்லா வீட்டிலும் அந்தத் தட்டு மேஸ்திரிக்குத்தான். பெரிய பெரிய இன்ஜினியர்கள் இருந்த சைட்டிலும் அவர் விட்டுக் கொடுத்ததில்லை. அன்றும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மேஸ்திரி" என்று அவள் கூப்பிட்டாள். "ஒரு சந்தேகம். இந்த மரியாதை யாருக்கு? நீங்கதான் முறை தெரிஞ்சவரு, சொல்லுங்க."

அவர் இடுப்புத் துண்டை இன்னொரு முறை இறுக்கினார்.

"எல்லா சைட்லயும் சொல்வீங்களே மேஸ்திரி. பூசாரி ஐயாவும் கேட்டிருக்காரு."

பூசாரி தலையாட்டினார். பட்டுக்கடைக்காரரின் சொந்தபந்தமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி தரையைப் பார்த்துச் சொன்னார்: "கோடு போட்டவங்களுக்கு."

அவள் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பட்டுக்கடைக்காரரின் மனைவி சங்கடத்தோடு, "வேட்டியா இருக்குதேம்மா, உனக்கு புடவை எடுத்து தரட்டா?" என்றார்.

"வேணாம்மா. இதுவே இருக்கட்டும்." வேட்டியை உதறிப் பிரித்தாள். முக்காலியிடம் போனாள். அதன் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையை நீட்டினாள். "மேஸ்திரி, இதைக் கட்டுங்க. உங்க கை இறுக்கமா இருக்கும்."

அவர் கட்டினார். நான் அவ்வளவு பக்கத்தில் நின்றேன், அவர் மூச்சு எனக்குக் கேட்டது. எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். பொய் எழுதக்கூடாது என்று வைத்திருக்கிறேன். எனக்கு இனித்தது.

இரண்டு வருஷம் கழித்து அவள் ஒரகடத்தில் தொழிற்சாலைகள் கட்டும் பெரிய கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டாள். போகும்போது கருவியை ஒரு டிப்ளமா பெண்ணுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போனாள். என்னிடம்கூடச் சரியாக விடைபெறவில்லை. ஒருவேளை நான் எப்போதோ எதையோ சொல்லியிருக்கலாம்.

பட்டுக்கடைக்காரர் அன்று பார்த்ததை ஏதோ சடங்கு என்று நினைத்துக்கொண்டார். வீடு கட்டும் தெரிந்தவர்களிடமெல்லாம், "கேமராவுக்கு ஒரு வேட்டி எடுத்து வெச்சுடுங்க" என்று சொல்லியிருக்கிறார். இப்போது எங்கள் கம்பெனி கோடு போடும் எல்லா இடத்திலும் தட்டில் வருகிற வேட்டி முக்காலிக்குத்தான். கட்டுவது மேஸ்திரி.

போன தையில் ஐயம்பேட்டையில் ஒரு வீட்டுக்குக் கோடு போட்டார்கள். வீட்டுக்காரர் சென்னையில் வேலை பார்ப்பவர், சின்ன வயசு. மேஸ்திரி குனிந்து முக்காலியில் வேட்டியை முடிந்துகொண்டிருக்க, "மிஷினுக்கு எதுக்குங்க வேட்டி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

மேஸ்திரி நிமிரவில்லை. "அது அப்டித்தான் சார். அந்தக் காலத்துலருந்தே வர பழக்கம்" என்றார்.